எடை இயல்பு, பொட்டாசியம் 3.1

புலிமியா என்ற உணவுக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் எலும்பும் தோலுமாக இருப்பதில்லை. எடை இயல்பாக இருக்கும், சிலருக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் சித்தி, "முகம் பூசினாப்ல நல்லா இருக்கே" என்று பாராட்டிவிட்டும் போவார். காதுக்குக் கீழே, தாடையின் இருபுறமும் தெரியும் அந்தப் பூரிப்பு, அடிக்கடி வாந்தி எடுப்பதால் வீங்கிய உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம். இந்த நோயில் உடலின் நிலையைப் பற்றி ஆகக் குறைவாகச் சொல்வது எடைபார்க்கும் கருவிதான். ஆனால் வீட்டிலும் கிளினிக்கிலும் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறி உண்பது, பிறகு அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை, பட்டினி, கடும் உடற்பயிற்சி என்று எதையாவது செய்வது. இது சராசரியாக வாரம் ஒரு முறையாவது மூன்று மாதங்களுக்கு நடந்தால் புலிமியா என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். 1979-இல் இந்த நோய்க்குப் பெயரிட்டு விவரித்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். வாந்தி எடுக்க விரலைத் தொண்டைக்குள் விடும்போது பல் பட்டுப்பட்டு விரல் முட்டிகளின் மேல் தோல் காய்த்துப்போயிருப்பதை அவர் குறிப்பிட்டார்; இன்றும் அந்த அடையாளம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இருந்தால் அது நல்ல துப்பு. ஆனால் பலருக்கு அது வருவதே இல்லை என்பதால், கை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம்.

கண்காணிப்பின் நடுநாயகம் இரத்தத்தில் உள்ள உப்புகள். அதிலும் பொட்டாசியம். இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். வாந்தியோடு பொட்டாசியம் வெளியே போய்விடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரைப்பை நீரில் பொட்டாசியம் சொற்பம். அதில் போவது தண்ணீரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். உடலில் தண்ணீர் குறைந்ததும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தில் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அமிலம் போனதால் இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதுவும் பொட்டாசியத்தை வெளியே விரட்டுகிறது. கழிவறைக் கிண்ணத்தில் நடப்பதைவிடச் சிறுநீரகத்தில் நடக்கும் இழப்பே பெரிது.

இதைப் புரிந்துகொண்டால் சோதனை முடிவைப் படிக்கும் விதமே மாறிவிடும். பொட்டாசியம் குறைந்து, குளோரைடும் குறைந்து, காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் உயர்ந்திருந்தால் அது வாந்தியின் கையெழுத்து. பைகார்பனேட் குறைந்து குளோரைடு ஏறியிருந்தால் பேதி மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும். குழப்பமாக இருந்தால் சிறுநீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்கலாம்: வாந்தியில் அது மிகக் குறைவாக இருக்கும், நீர் மாத்திரையின் வேகம் இருக்கும்போது கூடுதலாக இருக்கும். ஆகவே பொட்டாசியத்தை மட்டும் தனியாக எழுதிக் கொடுப்பது பாதி வேலை. சோடியம், குளோரைடு, பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின், மக்னீசியம், பாஸ்பேட், சர்க்கரை ஆகியவை சேர்ந்தே போக வேண்டும். மக்னீசியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் அது சிறுநீரில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சிகிச்சையின் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் தண்ணீர்க் குறைவைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் ஆல்டோஸ்டிரோன் அடங்காது, கொடுக்கும் பொட்டாசியமும் நிற்காது. வாயால் அருந்த முடியாதவருக்கு உப்புநீர் டிரிப்பை மெதுவாக ஏற்றுவார்கள். பொட்டாசியம் தாழ்ந்திருக்கும்போது வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவது ஆபத்து: அது இன்சுலினைத் தூண்டும், இன்சுலின் மீதமிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். தெம்பு வரட்டும் என்று டிரிப் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. புலிமியா இருப்பதைச் சொல்லாமல் அப்படிக் கேட்பது நல்லதல்ல.

வாழைப்பழமும் இளநீரும் போதாதா என்பது அடுத்து வரும் கேள்வி. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 10 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. இரத்தத்தில் 1 மில்லிமோல் குறைந்தால் உடல் முழுவதிலுமாக 200 முதல் 400 மில்லிமோல் வரை குறைந்திருக்கிறது என்று கணக்கு. போதாக்குறைக்கு, பழத்தில் இருக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் குளோரைடாக இருப்பதில்லை. இழந்தது குளோரைடும்தான், அது இல்லாமல் காரத்தன்மை சரியாகாது. ஆகவேதான் மருத்துவர் பொட்டாசியம் குளோரைடு எழுதுகிறார். 600 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 8 மில்லிமோல். அதை உணவோடு, ஒரு முழுக் கோப்பைத் தண்ணீருடன், உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டால் புண்ணை ஆழமாக்கும். நாளில் வாந்தி வர வாய்ப்பு ஆகக் குறைந்த வேளை எது என்று நோயாளியிடமே கேட்டு, அந்த வேளைக்கு மருந்தை வைப்பதுதான் புத்திசாலித்தனம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இதே மாத்திரை பொட்டாசியத்தை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால், சொந்தமாக வாங்கிச் சாப்பிடும் மருந்து இது இல்லை.

இரத்தம் எடுக்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். ஊசிக் குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் அதே கதை. அறிக்கையில் 3.6 என்று வந்தது உண்மையில் 3.1 ஆக இருக்கலாம். 'அணுக்கள் சிதைந்துள்ளன' என்ற குறிப்பு அறிக்கையில் இருந்தால் மற்ற நோய்களில் மிகை அளவைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே இயல்பு அளவையே சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சோதனை என்பது ஒரு கணத்தின் படம். இரண்டு நாள் வாந்தி இல்லாமல் இருந்துவிட்டு வந்தவரின் 3.7, நேற்று இரவு முழுக்க வாந்தி எடுத்தவரின் 3.7, இரண்டும் ஒன்றல்ல. கடைசியாக வாந்தி எப்போது, கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை, மாத்திரை எதுவும் விழுங்கினாரா என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் பாதிதான். சிங்கப்பூரில் பொது மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் எடுத்த சோதனை முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பின்னோக்கிப் பார்க்கலாம். 4.1, 3.8, 3.5 என்று இறங்கிவரும் வரிசை, ஒவ்வொன்றும் இயல்பு என்று தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தாலும், நல்ல செய்தி இல்லை.

3.5-க்குக் கீழே போனால் சில நாட்களுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 3.0-க்குக் கீழே என்றால் அன்றே இசிஜி. 2.5-க்குக் கீழே என்றால் மருத்துவமனை, மறுபேச்சில்லை. "எனக்கு ஒண்ணும் செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று நோயாளி சொல்வார், பொய்யும் சொல்லவில்லை. நாள்பட்டு மெல்ல மெல்ல இறங்கிய பொட்டாசியத்துக்கு உடல் பழகிவிடுகிறது. இதயத்தின் மின்னோட்டம் அப்படிப் பழகுவதில்லை. இசிஜியில் டி அலை தட்டையாகும், அதன் பின்னே யூ அலை எழும், ஒரு துடிப்பின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் நேரமான க்யூடி இடைவெளி நீளும். நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு எந்த நேரமும் வரலாம்.

அந்தக் க்யூடியை நீட்டும் மருந்துகள் சிலவற்றை நோயாளி வேறொரு கிளினிக்கில் சர்வ சாதாரணமாக வாங்கியிருப்பார். "வாந்தி வருது டாக்டர்" என்றால் டோம்பெரிடோன் கிடைக்கும். சளி, காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின். மனச்சோர்வுக்கு சிட்டலோபிராம் அல்லது எஸ்சிட்டலோபிராம். தனித்தனியாக எதுவும் தப்பில்லை, பொட்டாசியம் 2.9 ஆக இருக்கும் உடலில்தான் அவை சேர்ந்து வேலையைக் காட்டும். புலிமியாவுக்கு நன்கு ஆராயப்பட்ட மருந்து ஃபுளூவாக்ஸெட்டின், வழக்கமான அளவு நாளுக்கு 60 மில்லிகிராம். புகைப்பதை நிறுத்தவும் மனச்சோர்வுக்கும் தரப்படும் புப்ரோபியானைப் புலிமியா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வலிப்பு வரும் அபாயம் அதிகம். கருத்தடை மாத்திரையை விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது வேலை செய்ததாகக் கொள்ள முடியாது. மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகும். எந்த மருந்தையும் எழுதுவதற்கு முன் "முழுங்கின மாத்திரை உள்ளே தங்குதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பல சிக்கல் தீரும்.

இரத்த அழுத்தத்தை உட்கார வைத்து ஒரே ஒரு முறை பார்ப்பது இங்கே பயனற்றது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அழுத்தமும் நாடியும் பார்த்து, எழுந்து நிற்கச் சொல்லி ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 குறைந்தாலோ நாடி 30 கூடினாலோ உடலில் நீர் வற்றியிருக்கிறது. கை ஊன்றாமல் குந்தி எழச் சொல்வதும் நல்ல சோதனை. தொடைத் தசைகள் தளர்ந்திருந்தால் எழும்போது தடுமாறுவார்.

இனி, எல்லாரும் கவனத்தைத் தளர்த்தும் இடத்துக்கு வருவோம்: வாந்தியை நிறுத்திய பிறகான இரண்டு, மூன்று வாரங்கள். என் கணிப்பில் கண்காணிப்பு ஆகக் கடுமையாக இருக்க வேண்டியது அப்போதுதான். வாந்தி நின்றுவிட்டது, தண்ணீர் உள்ளே தங்குகிறது, ஆனால் ஏறிக்கிடக்கும் ஆல்டோஸ்டிரோன் உடனே இறங்குவதில்லை. உப்பையும் நீரையும் அது தொடர்ந்து சேர்த்து வைக்கிறது. கணுக்கால் வீங்கும், மோதிரம் இறுகும், முகம் உப்பும். எடை சில நாட்களிலேயே கண்டபடி ஏறும். அது கொழுப்பில்லை, தண்ணீர். இதை முன்கூட்டியே யாரும் சொல்லி வைக்காவிட்டால், "நிறுத்தினா குண்டாயிடுவேன்னு பயந்தேன், அதே ஆச்சு" என்று முடிவு கட்டி நோயாளி பழையபடி ஆரம்பிப்பார். ஒரே நாளில் லிட்டர் கணக்கில் டிரிப் ஏற்றினால் வீக்கம் இன்னும் மோசமாகும் என்பதால்தான் மெதுவாக ஏற்றச் சொல்கிறார்கள். வீக்கம் தொந்தரவாக இருந்தால் ஸ்பைரோனோலாக்டோன் 25 அல்லது 50 மில்லிகிராம் என்று சில வாரங்களுக்கு மருத்துவர் தருவார். அது ஆல்டோஸ்டிரோனையே தடுக்கும் மருந்து, பொட்டாசியத்தையும் காப்பாற்றும். ஆகவே அதோடு பொட்டாசியம் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் இரத்தச் சோதனையை நெருக்கமாக வைக்க வேண்டும். ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைக் கேட்டு வாங்குவது சக்கரத்தை மறுபடி முதலிலிருந்து சுற்றவிடும்.

உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமும் இதே நேரத்தில்தான் சதி செய்யும். வாந்தியை நிறுத்திய மூன்றாம், நான்காம் நாளில் அது புதிதாகத் தெரியவரலாம் அல்லது பெருக்கலாம். பொன்னுக்கு வீங்கியோ என்று வீட்டில் பயப்படுவார்கள். காய்ச்சலோ வலியோ இருக்காது. வெந்நீர் ஒத்தடமும் எலுமிச்சை மிட்டாயும் உதவும். இரத்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதி கூடியிருந்தால் அது பெரும்பாலும் உமிழ்நீரிலிருந்து வருவது. வயிற்றுவலியும் சேர்ந்திருந்தால் லைபேஸ் என்ற கணைய நொதியையும் பார்த்து, கணையத்தில் அழற்சி இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த வாரங்களில் எடையை வாரத்துக்கு ஒரு முறை, நோயாளி எண்ணைப் பார்க்காதபடி திரும்பி நிற்க வைத்து எடுப்பது ஒரு வழி. வீட்டுக் கருவியை எடுத்துப் பரணில் போடுங்கள்.

பேதி மருந்தைப் பற்றிக் கேட்கும்போது நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வயிற்றைச் சுத்தம் செய்ய மாதத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெய், நிலாவரைப் பொடி என்பது தாத்தா பாட்டி காலத்து வழக்கம். "லாக்சட்டிவ் எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார், சிராங்கூன் சாலையில் வாங்கிய பொடியை அவர் மருந்தாகவே எண்ணுவதில்லை. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இணையத்தில் வாங்கிய 'ஸ்லிம்மிங்' தேநீர், காப்பி, கேப்சூல் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். இதயத்தைப் பாதிக்கும் என்று விலக்கப்பட்ட சிபுட்ரமின் இத்தகைய பொருட்களில் கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. பேதி மாத்திரைகள் பெருங்குடலில் வேலை செய்கின்றன, உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான். நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கலும் வயிறு உப்புசமும் இருக்கும். மாக்ரோகோல் அல்லது லாக்டுலோஸ் கொடுத்துச் சமாளிக்கலாம்.

பல் விஷயம் சுருக்கமாக. இரைப்பை அமிலத்தின் பிஎச் 1 முதல் 2. பல்லின் எனாமல் 5.5-க்குக் கீழேயே கரையத் தொடங்கும். மேல் முன்பற்களின் உட்புறம் முதலில் தேயும். பழைய அடைப்புகள் பல்லின் மட்டத்தைவிட மேலே துருத்தி நிற்கும். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கினால் மென்மையான எனாமலைத் தேய்த்து எடுத்துவிடுவீர்கள். தண்ணீரிலோ, ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்தோ கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர், அவரிடம் காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் அதற்கு ஒரு தனிப் பத்தி. முதல் வகை நீரிழிவு உள்ள இளையர் எடைக்குப் பயந்து இன்சுலினைத் தவிர்ப்பது புலிமியாவின் இன்னொரு முகம். காரணமில்லாமல் ஏறும் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு), திரும்பத் திரும்பக் கீட்டோஅமிலநிலை (இன்சுலின் இல்லாமல் கீட்டோன் பெருகி இரத்தம் அமிலமாவது) ஆகியவை அதன் அடையாளம். அப்படி அவசரப் பிரிவுக்கு வருபவருக்குப் பொட்டாசியத்தைப் பார்க்காமல் இன்சுலின் ஏற்றக் கூடாது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர் பட்டினியும் வாந்தியுமாக இருந்தால், சர்க்கரை ஓரளவே இருக்கும்போதும் கீட்டோன் ஏறிவிடும். குளுக்கோமீட்டர் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஆண்களுக்கு இது வராது என்ற எண்ணத்தால் தேசிய சேவையில் இருக்கும் பையன்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். ஐபிபிடி என்ற உடல்தகுதித் தேர்வுக்கு முன் எடையைக் குறைக்கத் தொடங்கியது பட்டினி, பெருந்தீனி, வாந்தி என்று சுழலாக மாறலாம். பொட்டாசியம் தாழ்ந்த நிலையில் இந்த வெயிலில் 2.4 கிலோமீட்டர் ஓடினால் தசை நார்கள் சிதைந்து சிறுநீர் கோலா நிறத்தில் போகலாம், இதயத்துடிப்பும் தடம் புரளலாம். இரத்தச் சோதனை சரியாகும்வரை ஓட்டம் வேண்டாம் என்று மருத்துவ அதிகாரியிடம் கடிதம் கொடுக்க வேண்டும். விரதத்துக்கும் இதே விதி. தைப்பூசத்துக்கு ஒருவேளை உணவோடு விரதம் இருந்து, பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடப்பவரும், ரமலான் நோன்பு நோற்பவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசட்டும். நீண்ட பட்டினிக்குப் பின் வரும் பெருந்தீனி பாஸ்பேட்டைச் சட்டென்று இறக்கும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு. முருகனும் உப்புச் சோதனை முடிவைக் கேட்டுவிட்டுத்தான் காவடி கேட்பார் என்று நம்புகிறேன்.

ஆம்புலன்ஸுக்கு 995-ஐ உடனே அழைக்க வேண்டிய நிலைகள்: மயக்கம், படபடப்போடு தலைசுற்றல், வலிப்பு, கைகால் தூக்க முடியாத பலவீனம், வாந்தியில் இரத்தம். வாந்திக்குப் பின் கடும் நெஞ்சுவலி வந்து, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று இருந்தால் உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம். பெருந்தீனிக்குப் பின் வயிறு கல்லாக உப்பி, வாந்தியும் வராமல் வலித்தால் இரைப்பை விரிந்திருக்கலாம். இரண்டும் அறுவை சிகிச்சை அவசரங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸை 1767 எண்ணில் அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771.

அவசரம் இல்லாதபோது தொடங்குமிடம் பலதுறை மருந்தகம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால் மருத்துவமனைச் சிறப்பு மருத்துவரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். உணவுக் கோளாறுகளுக்கான சிகிச்சைப் பிரிவு சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருக்கிறது. பதின்ம வயதினருக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் பல் மருத்துவரும் தனித்தனியாகப் பார்க்கும்போது இரத்தச் சோதனை யார் பொறுப்பு என்பது நடுவில் விழுந்துவிடும். யார் எழுதித் தருகிறார், முடிவை யார் பார்க்கிறார், 2.8 என்று வந்தால் ஆய்வகம் யாருடைய கைப்பேசிக்கு அழைக்கும் என்று முதல் சந்திப்பிலேயே பெயரோடு எழுதி வையுங்கள்.

தினமும் வாந்தி இருந்தால் வாரம் ஒரு சோதனை. குறைந்து, முடிவுகளும் நிலைத்தால் மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. மாதவிடாய் ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தாலோ முன்பு அனோரெக்சியா (உணவை மறுத்து உடல் மெலியும் கோளாறு) இருந்திருந்தாலோ எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி-யையும் பார்க்க வேண்டும். மூன்று மாத இடைவெளிக்குப் போனவரையும் ஓ நிலை, ஏ நிலைத் தேர்வுகள், திருமண ஏற்பாடு, தேசிய சேவை தொடக்கம், கர்ப்பம் போன்ற வேளைகளில் மறுபடி வாரச் சோதனைக்குக் கொண்டுவரலாம். கர்ப்பகால வாந்தியும் புலிமியா வாந்தியும் ஒன்றையொன்று மறைக்கும் என்பதால், மகப்பேறு மருத்துவருக்கு முதல் சந்திப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும்.